கோம்பைக் கடுவனும் தென்னையில் கட்டிய சங்கிலியும்

கேள்வி: போடிநாயக்கனூர் அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். காவலுக்காக 30 நாள் குட்டியாக வாங்கிய, கோம்பை இன ஆண் நாயான கடுவனுக்கு இப்போது எட்டு மாதம். பகலில் பம்புசெட் அருகே தென்னையில் சங்கிலியால் கட்டிவைத்து, இரவில் அவிழ்த்து விடுகிறோம். இந்த மாதம் ஆறு கோழிகளைக் கொன்றுவிட்டது. சோறு தின்னும்போது அருகே போன என் பத்து வயது மகனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. தேங்காய் வெட்டுபவர்கள் தோப்புக்குள் வரவே அஞ்சுகிறார்கள். மின்னதிர்வு தரும் கழுத்துப்பட்டை போட்டால் பத்து நாளில் அடங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மகன் அருகே வரும் நேரத்தில் கழுத்தில் மின்னதிர்வு பட்டால், நாய் அந்த வலிக்குத் தன் உறுமலைக் காரணமாக எண்ணாது. கண்முன் நிற்கும் சிறுவனையே காரணமாக எண்ணும். உறுமல் என்பது “இதற்கு மேல் வராதே” என்று நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. தண்டனைக்குப் பயந்து அதை விட்டுவிட்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். பத்து நாளில் அடங்கும் என்று சொல்லி விற்பவர், பதினோராம் நாள் உங்கள் தோப்புக்கு வரப்போவதில்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: பகல் முழுவதும் அந்த நாய் என்ன செய்கிறது? காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் என்று, ஆளின் கட்டளைக்குக் காத்திராமல் தானே முடிவெடுக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் கோம்பை. அதை ஆறடிச் சங்கிலியில் நிறுத்திவிட்டு, தேங்காய் வெட்டுபவர் நடந்து வருவதை அதன் இடத்திலிருந்து பாருங்கள். அவரிடம் போய் மோப்பம் பிடிக்கவும் முடியாது, விலகி ஓடவும் முடியாது. குரைப்பது ஒன்றே மீதி. அவர் தம் வேலையைப் பார்க்கக் கடந்து போகிறார். நாயோ, தான் குரைத்துத் துரத்திவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. நாள்தோறும் இந்த வெற்றி கிடைக்கும்போது அதன் சீற்றம் வளராமல் என்ன செய்யும்? என் கால்நடை மருத்துவப் பணியில் “வெறித்தனம்” என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட காவல் நாய்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தில் சங்கிலித் தழும்பைக் கண்டிருக்கிறேன். கட்டிப் போட்டால்தான் நாய்க்குக் கோபம் வரும், கோபம் வந்தால்தான் காவல் என்ற நம்பிக்கை நம் தோட்டங்களில் ஊறிப்போயிருக்கிறது. வீட்டாரையும் அயலாரையும் பிரித்தறியத் தெரியாத நாய் காவல் நாய் அன்று. அது அஞ்சி நடுங்கும் நாய்.

ஆகவே, பட்டை வாங்குவதற்குப் பதிலாக, பத்துக்குப் பதினைந்து அடியில் நிழலும் தண்ணீரும் உள்ள கம்பிவலை அடைப்பு ஒன்றைப் போடுங்கள். வெயில் ஏறும் முன் முக்கால் மணி நேரம், நீங்களே வாரைப் பிடித்துத் தோப்பின் வரப்போரமாக அதை நடத்திச் செல்லுங்கள். வேலையாளிடம் விட வேண்டாம். தேங்காய் வெட்டுபவர் வரும்போதெல்லாம் அடைப்புக்கு வெளியிலிருந்தே ஒரு துண்டு வேகவைத்த ஈரலை உள்ளே எறிந்துவிட்டு, நாயை உற்றுப் பார்க்காமல் போகட்டும்.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். நடை முடிந்து களைத்திருக்கும் நேரத்தில், 15 அடிக் கயிற்றில் பிடித்து, பஞ்சாரத்தில் அடைத்த கோழிகள் தெரியும் தூரத்தில் நிறுத்துங்கள். அது கோழியிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கும் கணத்திலேயே ஈரல் துண்டைக் கொடுங்கள். கயிறு விறைத்து நின்றால் தூரம் போதவில்லை என்று பொருள், பின்வாங்குங்கள். நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடம் போதும். ரத்தச் சுவை கண்ட கடுவனைக் கோழிகளோடு தனியாக விடுவதை மறந்துவிடுங்கள்; இரவில் நாயை வெளியே விடும் முன் கோழிக்கூட்டைப் பூட்டுங்கள்.

சோறு தின்னும்போது யாரும் அருகே போகக் கூடாது. “யார் எசமான் என்று காட்டுகிறேன்” என்று தட்டை இழுப்பது, தட்டைக் காக்க வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுப்பதாகும். பெரியவர் ஒருவர் மட்டும், அது உறுமாத தூரத்தில் நின்று, சோற்றைவிட ருசியான ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டு விலகட்டும். மகனை இந்தப் பயிற்சியில் சேர்க்கவே வேண்டாம்.

முப்பது நாளில் குட்டியை விற்றவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி, தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்கிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகளே சொல்கின்றன. பால்குடி மறக்காததை விற்றுக் காசாக்குபவரிடம் இன்னொரு குட்டி வாங்காதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி பற்றி நீங்கள் எழுதவில்லை. போடாதிருந்தால் இந்த வாரமே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். காதையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் வலி இருக்கும் நாயும் உறுமும். மூன்று வாரம் கழித்து, கோழிகள் கண்ணில் படும்போது பெயர் சொல்லி அழைத்தால் தலையைத் திருப்புகிறதா என்று எழுதுங்கள். அடுத்த படியை அதன்பின் சொல்கிறேன்.