தடைக்காலம், வலை, நிவாரணம்: தமிழகக் கடலோரத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னை, கல்லூரி மாணவி: ஏப்ரல், மே மாதங்களில் ஏன் மீன்பிடிக்கத் தடை?

பல மீன்கள் சினைப்பட்டு முட்டையிடும் காலம் அது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001-இல் தொடங்கியபோது 45 நாள்தான். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன், ஜூலை. இழுவைப்படகுகள் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி கடலின் அடித்தரையை அரித்துக்கொண்டு போகும். குஞ்சு எது, சினைமீன் எது என்று பார்க்காது. தடை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

தொண்டி, நாட்டுப்படகு மீனவர்: எங்களுக்கும் தடை உண்டா?

இல்லை அண்ணா. விசைப்படகுகளுக்கும் இழுவைப்படகுகளுக்கும்தான்.

நாகப்பட்டினம், விசைப்படகில் கூலிக்குப் பதில் மீனில் பங்குக்குப் போகிறவரின் மனைவி: தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்தது, கடனுக்கே போய்விட்டது. ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது. வேறு வழி உண்டா?

அக்கா, 8,000 ரூபாயை 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ஒரு குடும்பம் அதில் எப்படி உண்ணும்? சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் கட்டினால் அரசின் பங்கும் சேர்ந்து 4,500 கிடைக்கும். பெண்களுக்கும் தனியாக உண்டு; கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்துவிடுங்கள். ஆனால் அது மீன்பாடு குறைந்த மாதங்களுக்கான பணம், தடைக்காலத்துக்கு உதவாது.

படகு கரையேறினால் உரிமையாளர் பலகை மாற்றுவார், வர்ணம் அடிப்பார். உங்கள் கணவருக்கு மீன்பாடு இல்லையென்றால் பங்கும் இல்லை. அதனால் அதே உரிமையாளரிடம் முன்பணம் வாங்குகிறார். அடுத்த ஆண்டு வேறு படகுக்கு மாற முடியாமல் போகிறது. மீன் பெருகுவது எல்லோருக்கும் நன்மை. அதற்கான பட்டினி மட்டும் படகில்லாதவர் வீட்டுக்கு. நிவாரணத்தைத் தடை தொடங்கும் முன்பே, வாழக்கூடிய அளவில் கொடுக்க வேண்டும். கிராமக் கூட்டத்தில் பெண்களாகச் சேர்ந்து இதைக் கேளுங்கள்.

கடலூர், இளைஞர்: சுருக்குமடி வலைக்கு அனுமதி உண்டா, இல்லையா?

தமிழக அரசு 2000-இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை அனுமதித்தது. மத்தி, அயிலைக் கூட்டத்தை மொத்தமாக வளைக்கும் வலை அது. கரையோரத்தில் விட்டால் சிறுபடகுக்காரருக்கு எதுவும் மிஞ்சாது. நான் சிறுபடகுக்காரர் பக்கம். ஆனாலும் பல இலட்சம் கடன்பட்டு வலை வாங்கியவரும் மீனவர்தான். வலையைப் பறிமுதல் செய்தால் கடன் தீராது. மாற்றுத் தொழிலுக்கு உதவி வேண்டும்.

ராமேசுவரம், மீனவரின் மகன்: வலையில் தானாக வந்த கடல் அட்டையும் குற்றமா?

வைத்திருந்தால் குற்றம். 2001 முதல் அது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. கடலில் மூழ்கி அட்டை எடுத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே ஆணையில் தொழிலை இழந்தன. எதிர்க்கரையில், இலங்கையில், உரிமம் பெற்று எடுக்கிறார்கள், பண்ணையிலும் வளர்க்கிறார்கள். அந்த வேதனை எனக்குப் புரிகிறது தம்பி. இருந்தாலும் அப்பாவிடம் சொல்லுங்கள்: வலையில் வந்தால் உயிரோடு அங்கேயே விட்டுவிடட்டும், கரைக்குக் கொண்டுவர வேண்டாம்.