வீட்டுத் தோட்டத்தில் அழகுக்காக வளர்க்க, அதிகம் கவனிப்பு கேட்காத நம் நாட்டுப் புல் எது? இடம் மேற்குப் பார்த்த சுவரோரம்; நல்ல வெயில் உண்டு, தண்ணீர் குறைவு.

வெட்டிவேர் வையுங்கள்.

வேரை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால், மண்ணுக்கு மேலே அது எவ்வளவு அழகான புல் என்று நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. ஒல்லியான நீண்ட இலைகள் நேராக எழும்பி, நுனியில் மட்டும் வளைந்து நிற்கும். நன்றாகத் தூர் கட்டிய புதர் ஆள் உயரம் வரும். மழைக்காலத்தையொட்டி ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் கதிர்கள் மேலே நீட்டும். அந்த நேரத்தில் சாய்ந்த வெயில் அதன் மேல் விழுவதைப் பார்த்தால் விலை கொடுத்து வாங்கிய எந்தப் புல்லும் வேண்டாம் என்று தோன்றிவிடும்.

மேற்குப் பார்த்த சுவரோரம், நல்ல வெயில், தண்ணீர் குறைவு என்று சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு அதுதான் சரியான இடம். வெட்டிவேருக்கு ஆகாத ஒன்று நிழல். மாமரத்தடியில் வைத்தால் மெலிந்துபோகும். மற்றபடி செம்மண், களிமண், உப்பு கலந்த மண், சில நாள் தண்ணீர் தேங்கும் பள்ளம் எல்லாவற்றையும் தாங்கும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேர் கீழே 3 மீட்டர் வரை இறங்குவதால்தான் கோடையில் மேல்மண் காய்ந்தாலும் புல் பச்சையாக நிற்கிறது. வேர்கள் மெல்லிய நார் போன்றவை என்பதால் சுவருக்கும் பயமில்லை.

நர்சரியில் பாம்பாஸ், ஃபவுண்டன் கிராஸ் என்று காட்டுவார்கள். முதலாவது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, இரண்டாவது ஆப்பிரிக்காவிலிருந்து. இரண்டும் காற்றில் விதை பரப்புபவை. ஹவாய்த் தீவுகளில் ஃபவுண்டன் கிராஸ் பரவி, காட்டுத்தீக்குத் தீனியாகிப் பெரிய தொல்லையாக இருக்கிறது. நம் நாட்டுப் புல் என்பதற்காக நாணலையோ தர்ப்பையையோ சின்னத் தோட்டத்தில் வைக்கவும் நான் சொல்லமாட்டேன். இவை மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் பக்கத்துப் பாத்தியில் முளைக்கும். தென்னிந்தியாவில் பயிராகும் வெட்டிவேர் அப்படியில்லை. அதன் விதை முளைப்பதில்லை, தண்டும் ஓடுவதில்லை. நட்ட இடத்திலேயே பருக்கும். மைசூர்ப் பக்கம் குண்டலுப்பேட்டை விவசாயிகள் தலைமுறைகளாக வயல் எல்லையில் இதை நட்டு வந்ததற்கு இந்தக் குணமே காரணம். 1980களில் உலக வங்கியில் இருந்த ஜான் கிரீன்ஃபீல்டும் ரிச்சர்ட் கிரிம்ஷாவும் மண் அரிப்பைத் தடுக்க இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள்.

நடுவது சுலபம். பழைய தூரைப் பிரித்து, இரண்டு மூன்று தண்டு சேர்ந்த நாற்றாக எடுத்துக்கொள்ளுங்கள். இலையை ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள், வேரையும் விரல் நீளத்துக்குக் குறைத்துவிடலாம். வேலி போல வேண்டுமென்றால் 15 செ.மீ. இடைவெளி போதும். ஒவ்வொரு புதரும் தனித்தனியாக அழகு காட்ட வேண்டுமென்றால் மூன்றடி விடுங்கள். மழை தொடங்கும் சமயத்தில் நட்டால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வயதில் அது மற்ற நாற்றுகளைப் போலத்தான், தண்ணீரில்லாவிட்டால் கருகும். வேர் பிடித்த பிறகு வாரம் ஒரு தண்ணீர் தாராளம். உரம் பற்றிக் கவலையே வேண்டாம்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது மட்டும் அவசியம். வெட்டாவிட்டால் நடுவில் காய்ந்த இலை சேர்ந்து புதர் களையிழந்துவிடும், அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. இலை ஓரம் கையைக் கிழிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய இலையை மற்ற செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம், சீக்கிரம் மட்காது.

இனி எல்லோரும் கேட்பது: வேர் எடுக்கலாமா? அழகுக்கு வைத்த புதரில் எடுக்காதீர்கள். இறுகிய மண்ணில் கடப்பாரை போட்டுத் தோண்டினாலும் பாதி வேர் அறுந்து உள்ளேயே நின்றுவிடும், புதரும் போய்விடும். கடலூர் பக்கம் நொச்சிக்காடு, தியாகவல்லி போன்ற கடலோர ஊர்களில் இதைப் பயிர் செய்வதே அந்த மணலுக்காகத்தான். மணலில் வேர் அறுபடாமல் முழுசாக வரும். பானைத் தண்ணீரில் போட வேர் வேண்டுமென்றால் தனியாக ஒரு பழைய டிரம்மிலோ உயரமான சாக்கிலோ மணலும் கொஞ்சம் தொழுவுரமும் நிரப்பி இரண்டு நாற்று வையுங்கள். ஒரு வருடம் கழித்து அப்படியே கவிழ்த்து உதறினால் வேர் கையில் வரும். மேலே இருக்கும் தண்டுகளைப் பிரித்து மறுபடி நட்டுக்கொள்ளலாம்.

சமையலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்திலும் இது செழிப்பாக வளரும், அழுக்கையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். அங்கே வளர்ந்த வேரை மட்டும் குடிதண்ணீரில் போடவே கூடாது.

நாற்று வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை வாசம் வந்தால் அது எலுமிச்சைப் புல், நட்டு கொஞ்ச நாள் ஆகும்வரை இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வெட்டிவேரின் இலைக்கு வாசமே கிடையாது.