வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்கள்: கிளம்புவதற்கு முன் கேட்டவை

கேள்வி (தாம்பரம்): சார், நவம்பரில் சீசன் ஆரம்பம் என்றார்களே என்று போனோம். ஏரியில் நாலு கொக்குதான் நின்றது. ஏன்?

பதில்: நவம்பர் முதல் மார்ச் வரை என்பது நாம் போட்ட கணக்கு. பறவை தண்ணீரைப் பார்த்துத்தான் வரும். வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள மழைநீர் ஏரி. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பி, நீர்க்கடம்பு, கருவேல மரங்களின் அடி மூழ்க வேண்டும். அப்போதுதான் நாயும் காட்டுப்பூனையும் மரத்தடிக்கு வராது, கூடு கட்டத் துணிவு வரும். மழை பிந்தினால் கூடும் பிந்தும்.

ஏரி நிரம்பி ஏழெட்டு வாரம் கழித்துப் போனால் குஞ்சுகளைப் பார்க்கலாம். முட்டை பொரியவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். நல்ல மழை பெய்த வருடத்தில் அது ஜனவரி, பிப்ரவரியில் வரும். கிளம்புமுன், பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவிடும் இ-பேர்ட் (eBird) தளத்தில் வேடந்தாங்கல் பக்கத்தைத் திறந்து, கடைசிப் பத்து நாள் பட்டியல்களைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை நூற்றுக்கணக்கில் இருந்தால் வண்டியை எடுக்கலாம்.

கேள்வி (மதுரை): காலையா, மாலையா?

பதில்: ஒரு வேளைதான் முடியும் என்றால் மாலை. நாலு மணிக்குக் கரையில் இருங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்புவது அதற்குப் பிறகுதான். காலையில் போகிறவர்கள் ஆறு, ஆறரைக்கே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் போய் "ஒன்றுமில்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று பறவையைவிடத் தலைகள்தான் தெரியும்.

கேள்வி (வேலூர்): இவையெல்லாம் சைபீரியாவிலிருந்து வருகின்றனவா ஐயா?

பதில்: இல்லை. மரத்தில் கூடு கட்டியிருக்கும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீர் இருக்கும் பக்கம் இடம் மாறிக்கொண்டிருக்கும். வடக்கே வெகுதூரத்திலிருந்து வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை. அவை இங்கே கூடு கட்டாது. தின்று கொழுத்துத் திரும்பிவிடும்.

கரையிலிருந்து ஒரு நத்தைகுத்தி நாரையின் கூட்டைக் கால் மணி நேரம் விடாமல் பாருங்கள். பெரிய பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சின் அலகில் அது இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும். வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): பைனாகுலர் வாங்கினேன். இரண்டு கண்ணுக்கும் சேர்ந்து தெளிவாகத் தெரியவில்லை. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை, சரிசெய்யாமல் விட்டதுதான். முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பலகையை இடது கண்ணால் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்புங்கள். அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொடாதீர்கள், நடுச் சக்கரம் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர் கண்பக்க ரப்பரை உள்ளே திருகிவிட வேண்டும். இல்லையென்றால் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரியும். இனி வாங்குகிறவர்களுக்கு 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) என் தேர்வு. 10x-இல் கை நடுக்கம் கூடத் தெரியும், மாலை வெளிச்சத்தில் படமும் சற்று மங்கும்.

கேள்வி (புதுச்சேரி): படத்தில் நாரை வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறதே?

பதில்: பின்னால் கரும்பச்சை மரம், கேமரா அதற்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. எக்ஸ்போஷரை மைனஸ் 2/3, கடும் வெயிலில் மைனஸ் 1 வரை குறையுங்கள். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறையாமல். லென்ஸ் 300 மி.மீ.க்குக் கீழே என்றால் கூட்டமாக எடுங்கள், தனிப் பறவைக்கு ஆசைப்படாதீர்கள். ட்ரோன் எண்ணமே வேண்டாம்.

கேள்வி (செங்கல்பட்டு): குஞ்சு கூட்டிலிருந்து விழுந்தால் எடுத்துக் காப்பாற்றலாமா?

பதில்: கூடாது. வனத்துறைக் காவலரிடம் இடத்தைக் காட்டுங்கள். நீங்கள் மரத்தை நெருங்கினால் பெரியவை எழுந்து போகும். அந்த ஐந்து நிமிடத்தில் காகம் பக்கத்துக் கூட்டு முட்டையை எடுத்துவிடும்.

கேள்வி (சென்னை): பஸ்ஸில் போக முடியுமா? கரிக்கிலியும் சேர்த்துப் பார்க்கலாமா?

பதில்: ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்ரோட்டில் இறங்கினால் சுமார் 12 கி.மீ. அங்கிருந்து ஆட்டோ, திரும்புவதற்கும் அவரிடமே பேசி வையுங்கள், இருட்டிய பிறகு வண்டி கிடைப்பது கஷ்டம். வேடந்தாங்கலிலிருந்து கரிக்கிலி இன்னும் 10 கி.மீ. போல. அங்கே கூட்டம் குறைவு, வாத்துகளுக்கு நல்ல இடம். இரண்டுமே 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. காலை கரிக்கிலி, மாலை வேடந்தாங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருவண்ணாமலை): எச்சத்தால் அந்த ஏரித் தண்ணீர் கெட்டுப்போகாதா?

பதில்: குடிக்க ஆகாது, வயலுக்கு அதுவே உரம். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த தண்ணீர் மதகு வழியாக நெல்லுக்குப் போகிறது. அதனால்தான் ஊர்க்காரர்கள் வேட்டைக்காரர்களை எதிர்த்து, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள்.