உலகிப்போடி குடி எச்சிலில் தெரியுமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் எச்சில் அனுப்பி டிஎன்ஏ பார்த்தான். 'தாய்வழி: எம்' என்று வந்திருக்கிறது. நாங்கள் உலகிப்போடி குடி (நம்ம பக்கத்துத் தாய்வழிக் குலங்களில் ஒன்று). நாளைக்குக் கோயில் வண்ணக்கர் (நிர்வாகி) பொறுப்பில் பிரச்சினை வந்தால் இந்தக் கடதாசியைக் காட்டலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: காட்ட வேண்டாம் மகள், சிரிப்பார்கள். ஆனால் கேட்டது நல்ல கேள்வி. நம்ம பக்கம் தமிழருக்கும் சரி, முஸ்லிம்களுக்கும் சரி, குடி தாயிடமிருந்து வருகிறது. கலத்துக்குள் சக்தி தரும் சின்ன உறுப்பான இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியா) டிஎன்ஏயும் தாய் தருவதுதான். தகப்பனுக்கு இரண்டிலும் பங்கில்லை.

அந்த டிஎன்ஏ ஏறத்தாழ 16,569 எழுத்துதான். அதுவும் ஆறுதலாக மாறுவது. 'எம்' பல்லாயிரம் வருசப் பழைய தாய்வழிக் கிளை, தெற்காசியா முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பணிக்கனா குடியிலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். எல்லா எழுத்தையும் வாசித்தாலும், சில நூறு வருசத்துக்கு முன் பிரிந்த இரண்டு தாய்வழிகள் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே 'ஒரே குடி' என்று அது சாட்சி சொல்லாது. எதிர்ச்சாட்சி சொல்லும்: ஒரே குடிக்காரர் இருவருக்கு வேறு வேறு கிளை வந்தால், அந்தக் குடி ஒரே தாயின் வயிற்றில் தொடங்கவில்லை. அல்லது எப்போதோ வெளியிலிருந்து ஒருத்தியைச் சேர்த்திருக்கிறார்கள். அதற்காக அவளுடைய பூட்டப்பிள்ளைகளைக் குடியிலிருந்து தள்ள முடியுமா? குடி என்பது ஊர் ஒப்புக்கொண்ட உரிமை.

மறுகா, மச்சாள் விசயம். மாமன் மகள் தன் தாயின் குடி, அவளை உங்கள் அண்ணன் முடிக்கலாம். சின்னம்மாவின் மகள் ஒரே குடி, அவருக்குத் தங்கச்சி, பேச்சே இல்லை. சாதாரண 22 சோடி நிறமூர்த்தங்களுக்கு (குரோமோசோம்) இந்த வித்தியாசம் தெரியாது. இருவருமே அவரோடு சராசரியாக 12.5 வீதம் பொதுவாக வைத்திருப்பார்கள். குடி வழக்கத்தோடு ஒத்துப்போவது இழைமணி மட்டும்.

கேள்வி: டிஎன்ஏ சோதனையில் எனக்குப் போன வருசம் வந்த பூர்வீக வீதம் இந்த வருசம் மாறிவிட்டது. இரத்தமா மாறியது?
– வாசகர், காரைதீவு

பதில்: இரத்தம் அதேதான், ஒப்பிடும் கூட்டம் மாறியிருக்கும். இன்று உயிரோடு இருப்பவர்களின் மாதிரிகளோடு உங்களுடையதை ஒப்பிட்டுத்தான் கணினி வீதம் போடுகிறது. உதாரணத்துக்கு, 2015இல் வெளியான 'ஆயிரம் மரபுத்தொகுதி' ஆய்வில் 26 மக்கள் கூட்டங்கள், 2,504 பேர். அதில் இலங்கைத் தமிழர் 102 பேர், எல்லாருடைய மாதிரியும் பிரித்தானியாவில் எடுத்தது. வாகரை, பொத்துவில், யாழ்ப்பாணம் என்ற பிரிவு கிடையாது. எல்லாம் ஒரே தலைப்பு. கிழக்கு மாகாணத்துக்கென்று தனி வீதம் தருவதாக யாராவது விளம்பரம் போட்டால், எந்த ஊர்களில் எத்தனை பேரிடம் மாதிரி எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.