சலங்கை இல்லாத நடனம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் மகள் சிறு வயதிலிருந்து பரதம் கற்று அரங்கேற்றமும் முடித்தவள். இப்போது கன்டெம்பரரி, அதாவது நவீன நடனம் என்று போகிறாள். போன மாதம் அவள் குழுவின் நிகழ்ச்சியைப் பார்த்தேன். சலங்கை இல்லை, பாட்டு இல்லை, ஒரு கையைத் தூக்க ஐந்து நிமிடம். அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை அசைவுகள், சுத்தமாக வராதவர்கள் ஒதுங்கும் இடம் இது என்று வீட்டில் பேசிக்கொள்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே.ஆர்., ஈரோடு

அன்புள்ள கே.ஆர்.,

அடவு வராதவர்கள் அங்கே இருக்கலாம். சபாக்களிலும் இருக்கிறார்கள், பட்டும் நகையும் கொஞ்சம் மறைத்துவிடுகின்றன. ஆனால் இந்தியாவில் நவீன நடனத்துக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவரான சந்திரலேகாவின் கதை உங்கள் வீட்டுப் பேச்சுக்கு நேர் எதிரானது.

1928இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தவர். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றார். பெரிய பரதக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு நட்டுவாங்கம் செய்த, அதாவது தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்திய, அதே எல்லப்ப பிள்ளைதான். 1952இல் அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிதிக்காக. ‘மதுரா நகரிலோ’ பாட்டுக்கு யமுனையின் நீர் விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே, வெடித்துக் கிடக்கும் நிலம் கண்ணில் வந்து தடுமாறிப்போனதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வறட்சிக்குப் பணம் திரட்டும் மேடையில் பொங்கும் ஆற்றை ஆடுவது என்ன கலை என்ற கேள்வி அங்கே தொடங்கியது. அதற்காக உடனே விட்டுவிடவில்லை, பல ஆண்டுகள் பேரோடு ஆடினார். 1972இல் ‘நவக்கிரகா’ என்ற நடனப் படைப்பு. அப்புறம் பத்தாண்டுகளுக்கு மேல் பெரிய படைப்பு எதுவும் இல்லை. போஸ்டர், எழுத்து, பெண்கள் இயக்கம் என்று இருந்தார்.

திரும்பி வந்தது 1985இல் ‘அங்கிகா’வோடு. நகை போயிற்று, தெய்வக் கதை போயிற்று, கண்ணும் புருவமும் செய்யும் வேலை போயிற்று. முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்தபடி நிற்கும் அரைமண்டி மட்டும் போகவில்லை. கேரளத் தற்காப்புக் கலையான களரிப்பயிற்று வீரர்களையும் பரதக்காரர்களையும் ஒரே மேடையில் நிறுத்தி, இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே உடல்தான் என்று காட்டினார். 1989இல் ‘லீலாவதி’, பாஸ்கரரின் 12ஆம் நூற்றாண்டுக் கணக்கு நூலை வைத்து ஆடியது. கணக்குக்கு அடவு! கேட்கும்போது விளையாட்டாகத் தோன்றும். ஆனால் காலடிக்குச் சொல்லும் தாளச் சொற்கட்டான ஜதியே கணக்குதானே.

அந்த மெதுவான கைக்கு வருவோம். வேகமாக ஆடும்போது பாதித் தவறை வேகமே இழுத்துக்கொண்டு போய்விடும். அரைமண்டியிலிருந்து மெல்ல எழும்போது தொடை நடுங்கினால் கடைசி வரிசைக்கும் தெரியும். சந்தேகமிருந்தால் இன்றிரவு சாப்பாட்டுக்கு முன் ஒரு கையை ஐந்து நிமிடத்தில் தூக்கிப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் கூடாது.

2001இல் வந்த ‘சரீரா’ அப்படிப்பட்ட நிதானத்தில், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்னும் பழைய இந்துஸ்தானி இசையோடு நகர்வது. அதில் ஆடிய டிஷானி தோஷி கவிஞர், முன்பு நடனம் கற்றவர் அல்ல. துணைக்கு ஆடிய ஷாஜி ஜான் களரிக்காரர். சரி, அப்படியானால் அடவு தேவையில்லையா என்று கேட்பீர்கள். தேவையில்லைதான் போலிருக்கிறது, என் வாதம் இங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனால் உடலை வசக்காமல் அந்த மேடையில் நிற்க முடியாது. இன்னொரு பக்கம், பத்து வருடம் சந்திரலேகாவின் குழுவில் ஆடிவிட்டுப் பிறகு தன் வழியில் போன பத்மினி செட்டூர், சிறு வயதில் பந்தநல்லூர் சுப்பராய பிள்ளையிடம் பரதம் பயின்றவர்.

நீங்கள் பார்த்த நிகழ்ச்சி மோசமாகவும் இருந்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. அண்ணன் மகளிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: தினமும் பயிற்சி உண்டா, யார் தருகிறார், முழங்காலைக் கவனிக்க யாராவது இருக்கிறார்களா? இந்தத் துறையில் மேடையும் வருமானமும் குறைவு என்பது வேறு விஷயம், நியாயமான கவலை. வீட்டில் உண்மையில் அதுதான் உறுத்துகிறது என்றால் அதையே அவளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், அடவின் மேல் பழி போட வேண்டாம்.