வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கம்பெனியில் ஆட்குறைப்பு, எனக்கோ எழுந்து போகவே தெம்பில்லை. வேலையை விட்டுவிடலாமா?

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானாலே வயிற்றைக் கலக்குகிறது" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். உங்களுக்கு இருபத்து நான்கு வயதுக்குள் இருக்கும், கல்விக் கடன் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள் நீங்கள்தான் என்று நானாக வைத்துக்கொள்கிறேன்.

நான் 2021 கடைசியில் சேர்ந்தவன். எல்லாக் கம்பெனியும் ஆட்களை அள்ளிக்கொண்டிருந்த நேரம். ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். கையில் வந்தது மாதம் 25,000 சொச்சம். ஒன்றரை வருடத்தில் நான்கு மேனேஜர்கள். வருகிறவர் எல்லாம் "நீ என்னப்பா பண்ற?" என்று முதலிலிருந்து கேட்பார்கள்.

2023-இல் காற்று மாறியது. முதலில் பேன்ட்ரியில் பிஸ்கட் டப்பா காணாமல் போனது. அப்புறம் இரவு கேப். அப்புறம் ஆட்கள். யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். சாட்டில் ஒரு பெயரைத் தேடினால் வராது, அவ்வளவுதான். லாகின் செய்ததும் என் முதல் வேலை, டீமில் இருந்த பதினோரு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது.

அடுத்த பெயர் நம்முடையதாக இருக்கக்கூடாது என்று மாடு மாதிரி உழைத்தேன். கேட்காத வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரவு 12 மணிக்கும் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இருக்கிறான் என்று காட்டும் பச்சைப் புள்ளி எரிய வேண்டும் என்று கட்டிலில் லேப்டாப்பை வைத்து, விழிப்பு வரும்போதெல்லாம் மவுஸை ஆட்டிவிடுவேன். ஒருநாள் வேளச்சேரியில் 570 பஸ் ஏறினேன். சோழிங்கநல்லூரில் இறங்க வேண்டும். நிறுத்தம் வந்தது, தெரிகிறது, கால் எழவில்லை. கேளம்பாக்கம் வரை போய், கண்டக்டர் "தம்பி, இறங்குப்பா" என்றபோதுதான் இறங்கினேன். ஒரு டீக்கடை பெஞ்சில் பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை.

"ஏசியில் உட்காருகிறவனுக்கு என்ன கேடு" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: என் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தம். உடல் உழைப்பு என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் உலக சுகாதார நிறுவனமே 2019-இல், பர்ன்அவுட் என்கிற இந்தச் சோர்வை வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது என்றுதான் வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை, சோம்பேறித்தனம் என்றும் சொல்லவில்லை. என் அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாவு நூல் வரலைன்னா தறி நிக்குது. அதுக்கு நீ ராத்திரி பூரா முழிச்சு என்னடா பண்ணப்போற?" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. நவம்பரில் பதினைந்து நிமிட அழைப்பு. "நீங்களே ராஜினாமா கொடுத்தா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும்" என்றார்கள். அங்கேயே கொடுத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ப்ராஜெக்ட்டையே மூடிவிட்டார்களாம். மவுஸை ஆட்டியவனும் போனான், ஆறு மணிக்குக் கிளம்பியவனும் போனான்.

இங்கேதான் நான் செய்த தப்பு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-இன்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. மேனேஜர் பதவிக்காரர்களுக்கு இது பொருந்தாது, நமக்குப் பொருந்தும். ஆனால் நீங்களே ராஜினாமா எழுதினால் காகிதத்தில் உங்களை யாரும் நீக்கவே இல்லை, அப்புறம் எந்தப் பிரிவைக் காட்டுவீர்கள்? "யோசித்து மெயிலில் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். அப்பா அம்மாவைக் கம்பெனிக் காப்பீட்டில் சேர்த்திருந்தால், பெரும்பாலும் அதுவும் கடைசி வேலை நாளோடு போய்விடும். இதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை போன மாதம் அறையைக் காலி செய்தபோது, அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் 'பெயின்டிங் சார்ஜ்' என்று பிடித்துக்கொண்டார் வீட்டு ஓனர். இரண்டு மாதம் கழித்து அதே அறை வாடகைக்கு என்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கட்டிலுக்கு மேலே என் தலை எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. சென்னையில் இந்தப் பெயின்டை எவராவது அடித்துப் பார்த்தவர் உண்டா?

சரி, விடலாமா என்று கேட்டீர்கள். மூன்று மாதச் செலவு கையில் இல்லாமல் கோபத்தில் விடாதீர்கள். அதற்காக உயிரைக் கொடுத்து உழைக்கவும் வேண்டாம். மனசு ரொம்பக் கனத்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மனஸ், மனநல உதவிக்கு அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். நான் இரண்டு முறை பேசியிருக்கிறேன். முதல் முறை ஹலோ சொல்லிவிட்டு வெட்டிவிட்டேன், அது வேறு கதை.

இப்போது வேறு கம்பெனி. போன வாரம் இங்கேயும் காபி மெஷினை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே சம்பள ஸ்லிப், வருமான வரிக்கான ஃபார்ம் 16 எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, ஏழு மணிக்குக் கிளம்பினேன்.