இரண்டாம் கட்டில் எட்டடி மீன் தொட்டி

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் (முன்கட்டை அடுத்த உட்பகுதியில்), ஆத்தங்குடி தரைமேல் 8 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் நன்னீர் மீன் தொட்டி கட்ட ஆசை. 12 மி.மீ. கண்ணாடி போதும் என்கிறார்கள். அக்ரிலிக் பிளாஸ்டிக் நல்லதா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: 12 மி.மீ. போதவே போதாது. கண்ணாடியைத் தள்ளுவது நீரின் ஆழம்தான். 3 அடி ஆழத்துக்கு, மேலே தாங்கும் கண்ணாடிப் பட்டி இல்லாவிட்டால், கிட்டத்தட்ட 23 மி.மீ. வேண்டும், 25 மி.மீ. வாங்க நேரும். உயரத்தை இரண்டரை அடியாகக் குறையுங்கள், 19 மி.மீ. போதும். அழகு குறையாது, கைவிட்டுச் சுத்தம் செய்யவும் எட்டும். அப்போதும் மேலே நீள விளிம்புகளின் உட்பக்கம் 4 அங்குலப் பட்டியும், குறுக்கே இரண்டு பட்டிகளும் ஒட்டச் சொல்லுங்கள். இல்லையேல் கண்ணாடி நடுவில் வெளிப்பக்கம் வளையும்.

அக்ரிலிக் எடையில் பாதிதான். ஆனால் பாசி சுரண்டும்போதே கீறல் விழும். வீட்டுக்குக் கண்ணாடியே சரி. டஃபன்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி) வேண்டாம், அதில் பிறகு துளை போட முடியாது.

ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத 100% சிலிகான் பசை கேளுங்கள். பாத்ரூம் சிலிகானில் உள்ள மருந்து மீனைக் கொல்லும். விளிம்புகளை அசிட்டோனால் துடைத்து, 2 மி.மீ. கனம் நிற்கும்படி மெதுவாக அழுத்த வேண்டும். அழுத்திப் பிதுக்கினால் மெல்லிய பிசின் கிழியும். சிலிகான் காற்றின் ஈரத்தை எடுத்து வெளியிலிருந்து உள்ளே இறுகும். 19 மி.மீ. அகல ஒட்டுக்கு இரண்டு வாரம் விடுங்கள். பிறகு நாளுக்குக் கால்வாசியாக நீர் ஏற்றி, ஒரு வாரம் கசிவு பாருங்கள்.

இனி தரை. இதுதான் எங்கள் பெரிய கவலை. இரண்டரை அடி உயரத்துக்கே நீர் 1,700 லிட்டர், கண்ணாடி சுமார் 340 கிலோ, மணலும் சேர்ந்தால் 2 டன்னுக்கு மேல். நான்கு கால் ஸ்டாண்டில் ஒவ்வொரு காலிலும் அரை டன் இறங்கும். ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டதல்ல, சிமென்ட் வார்ப்பு, அந்த இடத்தில் நொறுங்கும். அடியில் நிரப்பிய மண் ஒரு மூலையில் அமுங்கினால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு ஒட்டு விடும். எனவே அங்குள்ள கற்களை எடுத்துப் பத்திரப்படுத்தி, 6 அங்குலக் கம்பி கட்டிய கான்கிரீட் போடுங்கள். அதன்மேல் 2 அடி இடைவெளியில் செங்கல் சுவர்கள், மேலே கிரானைட் பலகை, அதன்மேல் ஓர் அங்குலத் தெர்மகோல், பிறகு தொட்டி. மாடியில் வேண்டவே வேண்டாம். முற்றத்து வெயில் நேராக விழும் இடமும் கூடாது. பாசி பிடிக்கும், நீர் சூடேறும்.

கேள்வி: செங்கல் தொட்டி கட்டி, உள்ளே செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு கொடுக்கலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். அந்தப் பூச்சு சுவருக்கானது. எந்நேரமும் நீரில் மூழ்கினால் சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மை ஏறும், மீன் தாங்காது. கான்கிரீட் தொட்டியாகக் கட்டி, நன்கு உலர்ந்தபின் குடிநீர்த் தொட்டிக்கு உகந்த எபாக்ஸி (பிசின் வகைப் பூச்சு) பூசுங்கள்; சுண்ணாம்புப் பூச்சை வெளிப்புறம் கொடுங்கள், அங்கே அது பளபளவென்று நிற்கும்.